கிளிபோட் அண்ணை போய்வந்த இரண்டு தீவுகள்

மல்வேர்னில் ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையில் வாசலிலிருந்து நடைபாதைக்கு இறங்க ஐந்து படிகள் உண்டு. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அந்தப் படிகளில் நான் இரண்டு தரம் விழுந்தேன். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஹொட்டேல் துப்புரவு வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இரண்டாம் தரம் விழுந்து கை வீங்கிய பிறகு, ஒரு நாள் பார்த்தால் படிகளில் உப்புத் தூவியிருந்தது. மறுநாளும் இருந்தது. அந்தக் குளிர் முழுக்க, அடுத்த குளிரிலும், அதற்கடுத்த குளிரிலும் இருந்தது. கட்டடத்தைப் பராமரிக்கிறவர்கள் போடுகிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு இறங்குவேன்.

நாலாம் வருடம் தை மாதத்தில் ஐந்து நாள் தொடர்ந்து படிகள் கண்ணாடி போல உறைந்து கிடந்தன. அந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டுக் கிளிபோட் அண்ணை ஹேர்னியா ஒப்பரேசனுக்காக ஆசுப்பத்திரியில் இருந்தார். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஏழாம் நாள் படியில் உப்பு. வயிற்றில் தையலோடு மனுசன் குனிந்து தூவியிருக்கிறார்.

நான் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் "உப்போ? நானோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பார்.

கிளிபோட் அண்ணை பாஷையூரில் கடற்றொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதிலேயே சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார். பிறகு இங்கே வந்து ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருடம் துப்புரவும் பராமரிப்பும் பார்க்கிற கெயார்ரேக்கராக இருந்தார். அவர் மனைவி அன்ரனெற் அக்கா தையல் வேலை. பிள்ளைகள் இல்லை. என் கணவர் இறந்த பிறகு என் மகள் செரீனா பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். சனிக்கிழமைகளில் அண்ணை ரூஜ் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக ஒன்பது பத்துக் கிலோமீற்றர் நடப்பார். கோயில்காரர் ஐந்தாறு பேர் பின்னால் போவோம். முன்னுக்குப் போகிறவர் அவர், செபமாலையை ஆரம்பிக்கிறவரும் அவர்.

எங்கள் கோயில் பங்கில் யாராவது இறந்துபோனால் பூதவுடல் வைத்திருக்கும் இடத்தில் செபம் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை பேருக்கு "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அவர் சொன்னால் அழுகிறவர்களும் அமைதியாகிவிடுவார்கள்.

அவரில் ஒரேயொரு விசித்திரம். மீன் சாப்பிட மாட்டார். மீன் மட்டுமில்லை, இறால், நண்டு, கணவாய், கருவாடு, கடலிலிருந்து வருகிற எதுவும் அவர் வாயில் படாது. ஆட்டிறைச்சி சாப்பிடுவார், கோழி சாப்பிடுவார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் மீன் குழம்போடு இருக்க, அவர் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிடுவார். அந்தோனியார் திருநாள் சாப்பாட்டில் ஒவ்வொரு வருடமும் யாராவது அவரைச் சீண்டுவார்கள்.

"பாஷையூரான் மீன் தின்னாட்டிப் பின்னை ஆரண்ணை தின்னுறது? கடலில்லாத வவுனியாக்காரனோ?"

"என்ன அண்ணை, கடலோடை கோபமோ?"

"கோபமில்லையடா தம்பி," என்பார். "பேச்சுப் பறைச்சல் இல்லை. அவ்வளவுதான்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அன்ரனெற் அக்கா மட்டும் சிரிக்க மாட்டா. அதை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை.

செரீனா படித்து முடித்து, யப்பானில் பள்ளிப்பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிக்கிற வேலைக்கு எழுதிப் போட்டு எடுபட்டாள். எந்த ஊர் என்று கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம்.

"வக்கனாய் எண்டு ஒரு ஊர் அங்கிள்," என்றாள் செரீனா. "யப்பானிலை ஆக வடக்கு. அங்காலை ரஷ்யாதான். சோ கோல்ட், அம்மா இப்பவே அழுறா."

கிளிபோட் அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார்.

"அங்கையிருந்து பார்த்தால் கடலுக்குள்ளை ஒரு மலை தெரியும். தனிய நிக்கும்."

"ஓம், ரிஷிரி தீவு! பக்கத்திலை ரெபுன் எண்டு இன்னொண்டு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்ரனெற் அக்கா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினா.

அடுத்த சனிக்கிழமை ரூஜில் நடக்கும்போது அவரே சொன்னார். அவருக்கு நேசன் என்று ஒரு தம்பி இருந்தான். அவனையும் தன் கப்பலிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். எண்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை மாதம், ரஷ்யாவிலிருந்து மரக்குற்றி ஏற்றிக்கொண்டு வரும் வழியில் புயல். குற்றிகளைக் கட்டியிருந்த சங்கிலி தளர்ந்துவிட்டது என்று நேசனையும் இன்னும் இரண்டு பேரையும் மேல்தளத்துக்கு அனுப்பினார்கள். ஒரு அலை வந்தது. இரண்டு பேர் மிஞ்சினார்கள். கிளிபோட் அண்ணை அப்போது கீழே இயந்திர அறையில் இருந்தார். அவர் ஏறி வரும்போது அந்த இடத்தில் கடலும், தூரத்தில் பனி மூடிய மலையும்தான் இருந்தன. ஐந்து மணித்தியாலம் கப்பல் சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு போய்விட்டது.

"ஊருக்குப் போய் அம்மாவிட்டைச் சொன்னன்," என்றார். "அம்மா கேட்டா, நீ கண்டனியோ? இல்லை எண்டன். காணேல்லையெல்லோ, பின்னை ஏன் செத்தவன் எண்டு சொல்லுறாய் எண்டா. நேசன் வாற அண்டைக்குத்தான் இந்த வீட்டிலை மீன் சட்டி அடுப்பிலை ஏறும் எண்டா. அதுக்குப் பிறகு கடல் சாமான் ஒண்டும் வீட்டுக்குள்ளை வரேல்லை."

தாய் பதினேழு வருடம் காத்திருந்து இறந்துபோனா. முப்பத்தோராம் நாள் செபம் முடிந்த கையோடு சகோதரங்கள் மீன் சாப்பிடத் தொடங்கினார்கள். கிளிபோட் அண்ணை தொடங்கவில்லை.

இறந்தவர்களுக்காகக் கார்த்திகை மாதம் பூசை ஒப்புக்கொடுக்க, ஐப்பசியிலேயே கோயிலில் கவர் தருவார்கள். நாங்கள் எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பேரை எழுதிப் போடுவோம். அந்தக் கவர்களைச் சேர்த்துப் பீடத்தில் வைப்பதும் கிளிபோட் அண்ணைதான். ஆனால் அவர் தன் கவரில் தம்பியின் பேரை ஒரு வருடமும் எழுதவில்லை.

"நீங்கள் மகளைப் பார்க்கப் போகேக்கை நாங்களும் வரட்டோ, றெஜினா?" என்று கேட்டார். "அந்தத் தண்ணியைப் பார்த்து அவனுக்கு ஒரு நித்திய இளைப்பாற்றி சொல்லவேணும். சொன்னால் அவன் செத்தவன். எனக்கும் அறுபது தாண்டிட்டுது. எத்தினை நாளைக்கு அவனை வெளியிலை நிப்பாட்டி வைக்கிறது?"

மறு வருடம் ஆடி மாதக் கடைசியில் போனோம். நான், அவர்கள் இருவர், அங்கே செரீனா. வக்கனாயிலிருந்து கப்பலில் ஒன்றே முக்கால் மணித்தியாலம். ரிஷிரி முழுக்க ஒரே மலை, கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கிறது. மேலே பள்ளங்களில் ஆடி மாதத்திலும் கொஞ்சம் பனி கிடந்தது. ஒரு சின்னக் குளத்தைச் சுற்றிப் பலகைப் பாதை போட்டிருந்தார்கள். குளத்துத் தண்ணீரில் அந்த மலை தலைகீழாகத் தெரிந்தது. கிளிபோட் அண்ணை பாதையில் எங்களுக்கு முன்னால் நடந்தார். மலையை நிமிர்ந்து பார்க்கவேயில்லை, தண்ணீரில் தெரிந்ததைத்தான் பார்த்தார்.

துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் முள்ளுப் பந்து போல ஒரு கடல் பிராணியை உடைத்து, உள்ளே இருக்கும் மஞ்சள் சதையைப் பச்சையாகச் சுடுசோற்றின் மேல் பரப்பித் தந்தார்கள். முதல் வாய்க்குக் கண்ணை மூடினேன். இரண்டாம் வாய்க்குத் திறந்துவிட்டேன், அவ்வளவு இனிப்பு. அன்ரனெற் அக்காவுக்கு ஒரு மீனைப் பிளந்து, மேலே சோயா அவரைக் கூழும் வெங்காயத் தாளும் பூசி, மேசையிலேயே கரியடுப்பு வைத்துச் சுட்டுக் கொடுத்தார்கள். அக்கா கணவனைப் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டா.

"தின், தின்," என்றார் அவர். "முள்ளுப் பாத்துத் தின்." தனக்கு வெறும் சோறும் முட்டையும் எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் ரெபுன் தீவுக்குப் போனோம். அங்கே ஒரு அறுபது வயது அம்மா நடத்துகிற சின்ன விடுதி. மீனும் கடல் இறைச்சியும் வேண்டாம் என்று செரீனா முன்னமே எழுதியிருந்தாள். கிளிபோட் அண்ணையின் சாப்பாட்டைப் பார்ப்பது என் பொறுப்பு. செரீனாவும் அக்காவும் பார்த்தாலும், என் கண்ணில்தான் அவருக்கு நம்பிக்கை. கோயில் திருநாள்களில் சமைக்கிறவள் நான் என்பதால், சமையற்காரியின் கண் என்பார்.

ஒரு சூப் வந்தது. உள்ளே கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தேன். கரட், முள்ளங்கி, காளான், சோயாக் கட்டி.

"மரக்கறிதான் அண்ணை. நான் பார்த்திட்டன்."

குடித்தார். "உதிலை என்னவோ ஒரு ருசி இருக்குது," என்றார். மறுநாள் காலைச் சாப்பாட்டிலும் அதே சூப். கோப்பையைச் சாய்த்து அடிவரை குடித்தார்.

அன்று நடக்கப் போனோம். தீவின் தெற்குப் பக்கத்தில் மலை முதுகில் போகிற பாதை அது. மரம் என்று ஒன்று இல்லை, புல்லும் பூவும்தான். வெள்ளை, மஞ்சள், ஊதா என்று முழங்கால் உயரத்துக்குப் பூக்கள். அந்தப் பூக்களில் சில உயர்ந்த மலைகளில்தான் பூக்குமாம், இங்கே குளிர் கூட என்பதால் கடலோரத்திலேயே பூக்கிறது என்று செரீனா சொன்னாள். ஒரு மணித்தியாலம் பனிப்புகார் மூடி ஒன்றும் தெரியவில்லை. பிறகு சட்டென்று விலகியது. கீழே கடல், கடலுக்கு அப்பால் ரிஷிரி மலை.

கிளிபோட் அண்ணை நின்றுவிட்டார்.

"இந்தப் பக்கத்திலைதான்," என்றார். "மலை எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது."

புல்லில் முழந்தாளில் இருந்தோம். அவர் செபமாலையை ஆரம்பித்தார். ஐம்பத்துமூன்று மணியையும் அவர் குரல் நடுங்காமல் சொன்னார். கடைசியில் நித்திய இளைப்பாற்றி சொல்ல வேண்டும். நாங்கள் தலையைக் குனிந்து காத்திருந்தோம்.

"நித்திய..." என்றார். பிறகு ஒன்றும் வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது.

"காத்து," என்றார். "காத்திலை சத்தம் வருகுதில்லை." செபமாலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு எழும்பினார். "நாளைக்குப் பார்ப்பம்."

நான் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லியிருக்கலாம். ஆனால் அது நாங்கள் சொல்லுகிற செபம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பின்னேரச் சாப்பாட்டில் அவர் சூப்பை இரண்டு கோப்பை குடித்தார். சாப்பிட்ட கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எழும்ப எனக்கு வராது. எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். விடுதிக்கார அம்மா மறுநாளைக்குச் சூப்புக்கு வைத்துக்கொண்டிருந்தா. பானைக்குள் மரக்கறி ஒன்றும் இன்னும் போடவில்லை, கறுத்த பச்சையில் ஒரு அகலத் தழைதான் ஊறிக்கொண்டிருந்தது. என்ன என்று கையால் கேட்டேன். அவ யன்னலால் கடற்கரையைக் காட்டினா. அங்கே காலையில் கூழாங்கல்லின் மேல் நீள நீளமாக எதையோ விரித்துக் காயவைத்திருந்தார்கள். நான் ஏதோ மிருகத்தின் தோல் என்று நினைத்துப் படமும் எடுத்திருந்தேன். அது கடலுக்குள் வளர்கிற தழை. அந்தத் தீவுகளில் சூப்புக்கு ருசியே அதுதான். மீன் வேண்டாம் என்றதால் அந்த அம்மா கவனமாக மீன் சேர்க்காமல், அந்தத் தழையை மட்டும் போட்டிருக்கிறா. தழை என்றால் அவவுக்கும் மரக்கறிதானே. நான் கோப்பைக்குள் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை.

சொல்லாமல் விடலாமோ என்று யோசித்தேன். ஆண்டவரே, அந்த யோசனைக்கு என்னை மன்னியும். போய்ச் சொன்னேன்.

அவர் யன்னலால் கடலைப் பார்த்தார்.

"இந்தக் கடலிலையோ?"

"ஓம் அண்ணை. உந்தக் கரையிலைதான் எடுக்கினம். மூண்டு நேரம் குடிச்சிட்டியள். என்னிலைதான் பிழை."

"நாலு கோப்பை," என்றார். "இப்ப ரெண்டு குடிச்சனான்."

பிறகு, "என்ன நேர்த்திக்கடன் இது? அம்மாவுக்கு என்ன சொல்லுவன்?" என்று தலையில் கை வைத்தார்.

அப்போதுதான் அன்ரனெற் அக்கா வாய் திறந்தா. அவ சத்தமாகக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை.

"அம்மாவுக்கு என்ன சொல்லுறதோ? எனக்கு என்ன சொல்லுவியள்? முப்பத்தொரு வருசமா என்ரை சட்டியும் நேசனுக்காகக் காத்திருக்குது. நான் நேசனைக் கண்டதில்லை. அவன்ரை குரல் தெரியாது. கலியாணமாகி வந்த நாளிலையிருந்து எங்கடை வீட்டிலை மூண்டு பேர். சாப்பிட இருந்தால் மூண்டு பேர். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் செபம் சொல்லுறியள், உங்கடை தம்பிக்குச் சொல்ல வாய் வருகுதில்லை. காத்தாம், காத்து!"

செரீனா அழத் தொடங்கிவிட்டாள். கிளிபோட் அண்ணை எழும்பி வெளியே போனார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. யன்னலால் பார்த்தேன். கடற்கரைச் சுவரில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கன நேரம் கழித்து அக்கா போய்ப் பக்கத்தில் இருந்தா. அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

காலையில் விடுதிக்கார அம்மாவும் அவ சொந்தக்காரரும் தழை விரித்துக்கொண்டிருந்தார்கள். கிளிபோட் அண்ணையும் அவர்களோடு நின்றார். ஒன்றன்மேல் ஒன்று படாமல், மடியாமல் விரிக்க வேண்டும். ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் கை தானாகவே செய்தது. காலைச் சாப்பாட்டுக்கு அந்த அம்மா, செரீனா சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய், அவருக்கு மட்டும் வெறும் சோறும் ஊறுகாயும் சுடுதண்ணியும் கொண்டுவந்து வைத்து, தலை நிலத்தில் முட்டக் குனிந்து மன்னிப்புக் கேட்டா.

"ஐயோ, எழும்பச் சொல்லு பிள்ளை," என்றார் அவர். பிறகு, "அந்தச் சூப்பையும் தரச் சொல்லு" என்றார்.

கொண்டுவந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்து, ஆறுதலாகக் குடித்தார். 

ஆனால் செபம் சொல்லவில்லை. வக்கனாய்க்குத் திரும்பும் கப்பலில் பின்தளத்தில் நின்று, மலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். "சொல்லேல்லை, றெஜினா" என்றார். "வாய் வரேல்லை." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடக் கார்த்திகைக் கவரிலும் நேசன் பேர் இல்லை. ஆனால் தை மாதம் ஒரு நாள், கடுங்குளிரில், அவர்கள் வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். அன்ரனெற் அக்கா பயத்தில் யன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தா. அவர்தான் சமைக்கச் சொன்னாராம்.

"யன்னலைச் சாத்தடி, விறைக்குது," என்றார் அண்ணை மேசையில் இருந்துகொண்டு. அக்கா விளைமீன் சாப்பிட்டா, அவர் பக்கத்தில் இருந்து ரசமும் சோறும் சாப்பிட்டார்.

வெயில் காலத்தில் அவருக்கு ஈரலில் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். வைத்தியம் செய்கிற நிலை தாண்டிவிட்டது என்றார்கள். சனிக்கிழமை நடை ஆனியோடு நின்றது. ஐப்பசி தொடக்கத்தில், இனி வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது என்று ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் கேட்டபடி அந்த வருடக் கவரை நான்தான் கோயிலிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து போனபோது அக்கா கன்ரீனுக்குப் போயிருந்தா. அவர் மெலிந்து, கட்டிலில் ஒரு சின்னப் பிள்ளை அளவுக்குக் கிடந்தார். வலிக்கு ஊசி போட்டிருந்தாலும் அறிவு தெளிவாக இருந்தது. செரீனாவைப் பற்றிக் கேட்டார். பிறகு நான் செபமாலை சொன்னேன், அவர் உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் நான் நிறுத்தினேன். இதை எப்படிச் சொல்லுவது, யாருக்காகச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவரே சொன்னார். மெல்லிய குரலில், முழுவதும் சொன்னார். "நித்திய இளைப்பாற்றியை நேசனுக்கு அளித்தருளும் ஆண்டவரே. முடிவில்லாத ஒளி அவன்மேல் பிரகாசிக்கக்கடவது."

நான் "ஆமென்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டைப் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவர் தலையணைக்குக் கீழே கையை விட்டு அந்தக் கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒட்டியிருந்தது.

"போற வழியிலை கோயில் பெட்டியிலை போட்டுவிடுங்கோ, றெஜினா," என்றார். "தம்பியின்ரை பேரும் உள்ளுக்கை கிடக்குது. அம்மாவுக்கு நான் போய்ச் சொல்லுறன்."